ஆள் இருக்கும்போதே சுத்தமாகும் காற்று

ஆபரேஷன் தியேட்டர் சுத்தமாக இருக்கிறதா என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூக்கை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் கண் எரிய வேண்டும், தொண்டை கரகரக்க வேண்டும். அப்படி எரிந்தால் தியேட்டர் தயார். நெடி குறைவாக இருந்தால், "சனிக்கிழமை மருந்து சரியாப் போடலையா தம்பி?" என்று தியேட்டர் சிஸ்டர் கேட்பார்.

குளிர்சாதனப் பொறியியலில் டிப்ளமோ முடித்துவிட்டுத் தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் ஏ.சி. மெக்கானிக்காகச் சேர்ந்தவன் நான். ஏ.சி. பார்ப்பவனுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்கும் தெரியாது. ஃபார்மலின் போடும் நாளில் ஏ.சி.யை நிறுத்தி அதன் வாயை அடைக்க வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். வாரத்தின் கடைசி அறுவை முடிந்ததும் தரையையும் சுவரையும் கழுவிவிடுவோம். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் பிளாஸ்டர் ஒட்டுவோம். அறை நடுவில் பேசினை வைத்து, பொட்டாசியம் பர்மாங்கனேட் தூளின் மேல் ஃபார்மலினை ஊற்றுவார்கள். ஊற்றிய நொடியே பொங்கிக்கொண்டு புகை கிளம்பும். ஊற்றியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வர வேண்டும். கதவைச் சாத்தி அதற்கும் பிளாஸ்டர் ஒட்டிவிட்டால், மறுநாள் அம்மோனியா வைத்து நெடியை அடக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. அந்த வேலையை வருடக்கணக்கில் செய்த வார்டு பாய் அண்ணன் ஒருவருக்குக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். ஃபார்மலினிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் பேசின் வைப்பது நிற்கவில்லை.

இதை மாற்றிப் பார்க்க வைத்தது நுண்ணுயிரியல் டாக்டர் ஒருவர் கேட்ட கேள்வி. அவர் தியேட்டரில் கல்ச்சர் தட்டுகளைத் திறந்து வைப்பார். காற்றிலிருந்து விழும் கிருமி தட்டிலே படிந்து, இரண்டொரு நாளில் புள்ளி புள்ளியாக வளர்ந்து தெரியும். திங்கட்கிழமை காலை ஆள் நுழைவதற்கு முன் வைத்த தட்டில் ஒன்றிரண்டு புள்ளிகள்தான் இருந்தன. அன்றைக்கே அறுவை நடந்துகொண்டிருந்தபோது வைத்த தட்டில் எண்ண முடியாத அளவுக்கு முளைத்திருந்தன. இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு டாக்டர் கேட்டார்: "ஞாயித்துக்கிழமை செத்த கிருமி செத்துப்போச்சு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஏழெட்டுப் பேர் உள்ள நின்னு வேலை செய்றாங்களே, அவங்க கொண்டு வர்றதுக்கு யார் மருந்து போடுறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே பிறகு என் தொழிலாகிவிட்டது. மனிதன் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிர்கின்றன. அவற்றில் பல கிருமியைச் சுமந்துகொண்டு மிதக்கின்றன. பேச்சிலும் இருமலிலும் தெறிக்கும் துளிகள் காய்ந்து சிறுத்து, தரையில் விழாமல் மணிக்கணக்கில் மிதக்கின்றன. காசநோய் பரவுவது இப்படித்தான், தட்டம்மை பரவுவதும் இப்படித்தான். கிருமியை உண்டாக்குபவர் உள்ளே இருக்கும்வரை காற்று அழுக்காகிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் ஆள் இருக்கும்போது ஃபார்மலின் போட முடியாது, குளோரின் தெளிக்க முடியாது. கொரோனா வந்த புதிதில் மனிதர்மேலேயே மருந்தைத் தெளிக்கும் சுரங்க நடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அது பயனற்றது, உடலுக்கும் கேடு என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே காற்றைச் சுத்தம் செய்ய மூன்று வழிதான் உண்டு: வெளிக்காற்றை விட்டு மாற்றுவது, வடிகட்டுவது, தலைக்கு மேலே ஒளியைப் பாய்ச்சுவது. இந்த மூன்றிலும் ரசாயனம் கிடையாது.

மாற்றுவதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பேச்சில் அதற்கு ஏர் சேஞ்ச் என்று பெயர். ஓர் அறையின் கொள்ளளவுக்குச் சமமான காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை உள்ளே வந்து வெளியே போகிறது என்ற கணக்கு அது. 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள தியேட்டர் என்றால் 4,000 கன அடி. மணிக்கு 20 ஏர் சேஞ்ச் வேண்டுமென்றால் 80,000 கன அடி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,333 கன அடி காற்று உள்ளே வர வேண்டும். இதை வாயில் சொல்லி நிரூபிக்க முடியாது. காற்று வரும் கிரில்லின் முன் அனிமோமீட்டரைப் பிடித்து வேகத்தை எடுத்து, கிரில்லின் பரப்பளவால் பெருக்கிப் பார்க்க வேண்டும். பல தியேட்டர்களில் பேப்பரில் 20 என்று இருக்கும். கருவியைப் பிடித்தால் 6 கூட வராது. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், டக்ட்டில் எங்கோ இணைப்பு விட்டிருக்கும்.

ஒரு ஏர் சேஞ்ச் நடந்தால் அறையிலுள்ள பழைய காற்று முழுதும் போய்விடும் என்று நினைப்பார்கள். அப்படிப் போகாது. உள்ளே வரும் நல்ல காற்று பழையதோடு கலந்துதான் வெளியேறும். அதனால் ஒரு மாற்றத்தில் 63 சதவிகிதம்தான் குறையும்; மீதியில் அடுத்த மாற்றத்தில் இன்னொரு 63 சதவிகிதம் குறையும். காசநோயாளி ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் மிதக்கும் கிருமி நூற்றில் தொண்ணூற்றொன்பது போக, மணிக்கு 6 ஏர் சேஞ்ச் இருந்தால் 46 நிமிடம் ஆகும். 12 இருந்தால் 23 நிமிடம். எக்ஸ்ரே அறையில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது அளவுக்கு நிகரான விஷயம். தியேட்டரில் காற்றை உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். காசநோய், தட்டம்மை நோயாளியின் தனி அறையில் நேர்மாறாக, வராந்தாவிலிருந்து அறைக்குள் இழுத்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அழுத்தமானியில் சரியாகக் காட்டினாலும் நான் கதவிடுக்கில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் துப்புரவு செய்யும் அக்காவும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படித் தெரிந்துகொண்ட அக்கா ஒருவர், "நேத்து ராத்திரியிலிருந்து புகை வெளிய வருது சார்" என்று காலையில் எனக்குச் சொன்னதால்தான், எக்ஸாஸ்ட் மோட்டார் எரிந்துபோனது பகல் ஷிப்டுக்கு முன்பே தெரிந்தது.

இந்த இடத்தில் நம் ஊர் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வராது. அறையிலிருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்து அதே அறையில் ஊதும். வெளியே மாட்டியிருக்கும் பெட்டிக்குப் போவது வெப்பம் மட்டும்தான். சிறிய நர்சிங் ஹோம்களில், மருத்துவரின் ஆலோசனை அறையில், ஸ்கேன் சென்டரில் என எங்கே போனாலும் ஜன்னலை அடைத்துவிட்டு ஸ்பிளிட் ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள். இருமிக்கொண்டு காத்திருக்கும் இருபது பேர் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் புரியவைக்க நான் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைக் கொண்டு போவேன். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு காட்டும். மனிதன் விடும் மூச்சில் கிட்டத்தட்ட 40,000 பங்கு. சாத்திய அறையில் கூட்டம் சேரச் சேர 1,000, 1,500, 2,000 என்று எண் ஏறுவதை முதலாளியே கண்ணால் பார்ப்பார். மீட்டர் கிருமியை அளப்பதில்லை. அடுத்தவர் மூச்சு எவ்வளவு நம் மூச்சில் கலக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அந்த ஓர் எண் போதும், எதிர்ச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் கதவின் கீழே காற்று நுழைய ஓர் இடைவெளிக்கும் சம்மதம் வாங்கிவிடலாம்.

பழைய கட்டடக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். தாம்பரத்தில் சானடோரியம் என்றே ரயில் நிலையம் இருக்கிறது. டாக்டர் சவரிமுத்து, ஆங்கிலத்தில் சௌரி முத்து என்று எழுதுவார்கள், 1928-ல் அங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனும் சிறிது காலம் சிகிச்சை பெற்றிருக்கிறார். காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம் அது. திறந்த வெளி, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு இவ்வளவுதான் வைத்தியம். நோயாளியை அது எவ்வளவு குணப்படுத்தியது என்பது வேறு விஷயம். ஆனால் உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் நீண்ட ஜன்னல் வரிசை, மேலே வெண்டிலேட்டர் என்று கட்டிய அந்த வார்டுகள் பக்கத்துப் படுக்கைக்காரரையும் நர்ஸையும் காத்தன.

பிறகு மருந்து வந்தது. நல்ல சாப்பாடோ ஓய்வோ குறைவாக இருந்தாலும், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் சானடோரியத்தில் இருப்பவருக்கு நிகராகக் குணமாகலாம் என்று சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு 1959-ல் காட்டியது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றிய ஆய்வு அது. நம் ஊரில் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதோடு, வார்டைக் காற்றோட்டமாகக் கட்டும் அறிவும் கைவிட்டுப் போனது.

அதன் விலையைப் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் அளந்தார்கள். எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளின் காற்றோட்டத்தை அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். ஜன்னலும் கதவும் திறந்த சாதாரண அறைகளில் சராசரியாக மணிக்கு 28 ஏர் சேஞ்ச் கிடைத்தது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த நவீனத் தனி அறைகள் 12-க்கு வடிவமைக்கப்பட்டவை. 1950-க்கு முன் கட்டிய உயரமான பழைய கட்டடங்களில் 40 வந்தது. பிந்தைய கட்டடங்களில் 17. காசு செலவில்லாத ஜன்னல், காசு செலவழித்த இயந்திரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேலை செய்தது. இதைப் படித்த பிறகு, பழைய வார்டைப் புதுப்பிக்கிறோம் என்று ஃபால்ஸ் சீலிங் போட்டு ஜன்னலை அடைப்பவர்களோடு நான் சண்டைக்கே போயிருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் தேக்கு ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டுத் திறக்கவே முடியாத கண்ணாடி பதித்தார்கள். பார்க்க நட்சத்திர ஓட்டல் போல இருந்தது. அந்த வார்டில் வேலை பார்த்த இளம் நர்ஸ் ஒருவருக்குப் பிறகு காசநோய் வந்தது. எங்கிருந்து தொற்றியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது; என் மனது இன்றும் ஆறவில்லை.

ஜன்னலைத் திறக்கச் சொல்வது சுலபம், திறந்து வைப்பது கஷ்டம். மார்கழியில் நோயாளியின் அம்மா, "பனிக்காத்து அடிக்குது தம்பி, சாத்திருங்க" என்பார். சாயங்காலம் ஆனால் கொசு. இரண்டும் நியாயமான குறை. அதனால் கீழ் ஜன்னலை இரவில் சாத்திவிட்டு மேல் வெண்டிலேட்டரைச் சாத்த முடியாதபடி திறந்தே வைக்கும் ஏற்பாட்டை நான் பல வார்டுகளில் செய்தேன். கொசுவலையைக் கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் அடிக்கச் சொல்வேன். தூசி அடைந்த வலை பாதிச் சுவர் மாதிரி. ஒரே சுவரில் நான்கு ஜன்னல் இருப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொன்று இருப்பது மேல். 30 அடிக்கு 20 அடி, 12 அடி உயரமுள்ள வார்டில், காற்றே இல்லை என்று நாம் சொல்லும் நாளில்கூட, 16 சதுர அடி திறப்பு வழியாக நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் காற்று ஊர்ந்தால் மணிக்கு 8 ஏர் சேஞ்ச் கிடைத்துவிடும். எதிர் ஜன்னலைச் சாத்தினால் அந்த ஊர்தலும் நின்றுபோகும்.

ஜன்னல் வைக்க முடியாத இடத்துக்குத்தான் ஃபில்டர். தியேட்டரில் ஜன்னலைத் திறக்க முடியாது. வெளித்தூசி காயத்தில் விழும். 1960-களில் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவையைத் தொடங்கிய ஜான் சார்ன்லி, காற்றை வடிகட்டி மேலிருந்து கீழே இறக்கும் கூண்டு ஒன்றைத் தியேட்டருக்குள் அமைத்தார். அறுவை செய்பவர் விடும் மூச்சைத் தனிக் குழாயில் உறிஞ்சி எடுக்கும் உடுப்பையும் சேர்த்தார். தொடக்கத்தில் நூற்றில் ஏழு பேருக்காவது சீழ் பிடித்துக்கொண்டிருந்தது, படிப்படியாக ஒருவருக்கும் கீழே இறங்கியது. இன்று மூட்டு மாற்று செய்யும் தியேட்டர்களில் படுக்கைக்கு நேர் மேலே பார்க்கும் பெரிய சதுரக் கூரை அந்தக் கூண்டின் வாரிசு.

அதற்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவிகிதத்தைப் பிடிக்கும். வைரஸ் அதைவிடச் சின்னதாயிற்றே, நழுவிப் போகாதா என்று நன்கு படித்தவர்களே கேட்கிறார்கள். ஃபில்டர் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. பெரிய துகள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளாட வைப்பதால் அதுவும் எங்காவது இழையைத் தொட்டு ஒட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள 0.3 மைக்ரான்தான் பிடிக்கக் கடினமானது. அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். உண்மையில் கோளாறு வருவது ஃபில்டர் தாளில் கிடையாது, அதைப் பொருத்தும் சட்டத்தில். ஓரத்தில் கேஸ்கெட் ஒரு விரல் அகலம் விலகியிருந்தால் காற்று வடிகட்டப்படாமல் அந்த வழியாகவே ஓடிவரும். முன்னால் இருக்கும் ப்ரீ-ஃபில்டரைக் கழுவாவிட்டால் விலை உயர்ந்த ஹெப்பா சீக்கிரம் அடைபடும். ஆடிக்காற்றில் செம்மண் பறக்கும் ஊரிலும், பஞ்சு மில் பக்கத்திலும் கம்பெனி சொன்ன காலக்கெடுவை நம்பக்கூடாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் சிறிய மானி ஒன்று போதும், எப்போது மாற்ற வேண்டுமென்று அதுவே சொல்லும்.

மூன்றாவது வழி யூ.வி. விளக்கு. இதில்தான் அதிகமாக ஏமாற்றப்படுகிறார்கள், இதில்தான் அற்புதமும் இருக்கிறது.

வெயில் கிருமியைக் கொல்லும் என்பதை 1877-ல் டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஜன்னலோரத்தில் சோதனைக் குழாய்களை வைத்து நிரூபித்தார்கள். வெயில் பட்ட குழாய் தெளிவாகவே இருந்தது. மூடி வைத்தது கலங்கிப்போனது. ஆனால் கிருமியின் மரபுப் பொருளைக் குலைப்பதில் மிகக் கூர்மையான யூ.வி.-சி கதிர் சூரியனிலிருந்து நம்மை எட்டுவதில்லை, வானத்திலேயே ஓசோன் படலம் அதைத் தடுத்துவிடுகிறது. அதை உண்டாக்கத்தான் பாதரச விளக்கு. 254 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியும் அந்த விளக்கை அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் வெல்ஸ், அவர் மனைவி டாக்டர் மில்ட்ரெட் வெல்ஸ் இருவரும் ஃபிலடெல்ஃபியா பகுதிப் பள்ளி வகுப்பறைகளின் மேற்பகுதியில் மாட்டினார்கள். 1941-ல் தட்டம்மை பரவியபோது விளக்கு மாட்டிய வகுப்புப் பிள்ளைகளை அது மிகக் குறைவாகவே தொட்டது. வெல்ஸிடம் பாடம் கேட்ட ரிச்சர்ட் ரைலி, பால்டிமோரில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடியிலிருந்த கினிப் பன்றிகளுக்கு அனுப்பிப் பார்த்தார். நோயாளியைத் தொடாத, பார்க்காத அந்தப் பிராணிகளுக்குக் காசநோய் வந்தது. குழாய்க்குள் யூ.வி. பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. இதே சோதனையை லிமாவில் திரும்பச் செய்து 2009-ல் வெளியிட்டார்கள்: பாதுகாப்பில்லாத காற்றைச் சுவாசித்த பிராணிகளில் 35 சதவிகிதத்துக்குத் தொற்றியது, வார்டில் விளக்கும் அதோடு காற்றைக் கலக்கும் ஃபேனும் ஓடியபோது 9.5 சதவிகிதத்துக்கு மட்டுமே.

ஃபேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விளக்கு தலைக்கு மேலே, ஏழு அடிக்கு மேல், பட்டை பட்டையான தகடு வைத்து ஒளி கீழே இறங்காதபடி எரியும். கீழே இருக்கும் காற்று மேலே போனால்தான் அதன் பயன். நம் ஊர் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் மாட்டிவிட்டுக் கிளம்பக்கூடாது. படுக்கையில் உட்காருபவர், நிற்பவர் கண் உயரத்தில் மீட்டர் பிடித்துப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் இருப்பவருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோவாட் என்பது வழக்கமாக நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை. கூரையில் அலுமினியத் தகடு இருந்தால் கதிர் அதில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். அங்கே விளக்கின் இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு நர்சிங் ஹோமில் பார்த்தேன். ஆள் இல்லாத நேரத்தில் எரிய வேண்டிய திறந்த யூ.வி. குழலை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாதாரண டியூப்லைட் என்று நினைத்து இரண்டு பெண்கள் அதன் கீழேயே அறையைத் துடைத்திருக்கிறார்கள். அப்போது எதுவும் தெரியவில்லை. இரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல எரிந்து, திறக்க முடியாமல் துடித்தார்கள். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்த தொழிலாளிக்கு வருவது இதேதான். கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணையும் சுவிட்ச் ஒன்று மாட்டியிருந்தால் நடந்திருக்காது. அதற்காகும் செலவு ஒரு நாள் மருந்துச் செலவைவிடக் குறைவு. கொரோனா காலத்தில் கையில் பிடிக்கும் யூ.வி. குச்சிகளைக் கடை கடையாக விற்றார்கள். அவற்றை வாங்கிக் குழந்தைகள் கையிலே கொடுத்தவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். காற்றைச் சுத்தம் செய்யும் என்று ஓசோன் கக்கும் பெட்டிகளையும் விற்கிறார்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு, ஆள் இருக்கும் அறையில் அதற்கு இடமே கிடையாது.

இன்னொரு குழப்பம் நீல நிறம். ஓட்டலில் ஈ பிடிக்க மாட்டும் நீல விளக்கு வேறு வகைக் கதிர், அது கிருமியைக் கொல்லாது. உண்மையான யூ.வி. குழலிலும் நீலம் தெரிவதால் மட்டும் வேலை நடப்பதாக நினைக்கக்கூடாது. சுமார் 9,000 மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது ஓயாமல் எரிந்தால் ஒரு வருடத்தில், நீலம் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிர் வெகுவாகக் குறைந்திருக்கும். டியூப்லைட்டைப் போல ஃபியூஸ் ஆகட்டும் என்று காத்திருப்பவர்கள் வெறும் அலங்காரத்துக்குக் கரண்ட் பில் கட்டுகிறார்கள். குழலில் தூசி படிந்தாலும், விரல் ரேகை பட்டாலும் கதிர் குறையும். மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். கதிர் நேர்கோட்டில்தான் போகும். கட்டிலின் அடிப்பக்கம், கைப்பிடியின் பின்பக்கம், ரத்தம் காய்ந்த இடம் எதையும் அது எட்டாது. மேசைமேல் காட்டிவிட்டு எல்லாம் சுத்தம் என்று சொல்லும் ரோபோ வியாபாரியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, நிழலுக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான்.

பொருள்களுக்கும் பரப்புகளுக்கும் என் நம்பிக்கை வெப்பத்தின்மேல். பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சேம்பர்லேண்ட் 1879-ல் செய்த ஆட்டோகிளேவ் இன்றும் எந்த மருத்துவமனைக்கும் முதுகெலும்பு. நீராவியை அழுத்தி 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் மிகக் கெட்டியான உறையுள்ள கிருமி வித்துக்களும் சாகும். நம் வீட்டுக் குக்கரும் இதே விதியில்தான் வேலை செய்கிறது. ஆனால் உள்ளே காற்று தங்கியிருந்தால் மீட்டரில் அழுத்தம் சரியாகக் காட்டும், நீராவி துணி மடிப்புக்குள் நுழையாது. அதைக் கண்டுபிடிக்கத் தினமும் காலையில் வெற்று இயந்திரத்தில் போவி-டிக் தாளை வைத்து ஓட்ட வேண்டும். தாள் நடுவில் நிறம் மாறாமல் திட்டு இருந்தால் அன்றைக்கு அந்த இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும், டாக்டர் எவ்வளவு அவசரப்பட்டாலும். எங்கள் ஸ்டெரிலைசேஷன் பிரிவு சிஸ்டர் ஒருவர் அப்படி நிறுத்திவிட்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைவிடப் பெரிய கிருமிநாசினி எனக்குத் தெரியாது.

தரை துடைக்கும் மாப்பை இரவெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறவைப்பதுதான் மருத்துவமனைகளில் நான் பார்த்த பெரிய கேடு. மறுநாள் துடைக்கும்போது அறை முழுவதும் கிருமியைப் பூசுகிறோம். வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த மாப்பும், நல்ல மைக்ரோஃபைபர் துணியும் வெறும் தண்ணீரோடேயே பெரும்பாலான அழுக்கையும் கிருமியையும் எடுத்துவிடும். ரத்தம் சிந்திய இடத்துக்குக் குளோரின் கரைசல் வேண்டும்தான், கைக்கு சோப்பும் வேண்டும்தான். அவற்றை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவை செய்ய முடியாத வேலையை அவற்றின்மேல் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தியேட்டர் கதவிலும் வார்டு கதவிலும் ஓர் அட்டை தொங்கவிடுங்கள். கடைசியாக ஏர் சேஞ்ச் அளந்த தேதியும் கிடைத்த எண்ணும், ஃபில்டர் மாற்றிய தேதி, யூ.வி. குழல் இதுவரை எரிந்த மணிக்கணக்கு, இவை மட்டும் அதில் இருந்தால் போதும். நோயாளியோடு வருகிறவர்களே, அந்த அட்டையைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். அட்டையே இல்லையென்றால் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.